பூட்டின் மேல் போட்ட பழி

அன்சாருக்குத் தெரியாத விஷயம் என்று நாகூரில் ஒன்றும் கிடையாது. கடைத்தெருவில் கிடக்கும் வஞ்சிரம் இன்று பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்பதில் தொடங்கி, எந்த டாக்டர் காரணமில்லாமல் ஸ்கேன் எழுதுகிறார் என்பது வரை அவரிடம் பதில் உண்டு. கம்ப்யூட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். துபாயில் பல வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர் அல்லவா?

இருந்தார் என்பது உண்மைதான். கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியின் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு இருந்தார். ஸ்டிக்கர் ஒட்டுவது கேவலமான வேலை இல்லை. சபிஹா ஒருநாளும் அதைக் குறைவாக நினைத்ததில்லை. பெட்டிக்கு மேல் ஒட்டியவர், பெட்டிக்குள் இருந்ததையும் தானே செய்ததுபோல் பேசுகிறாரே, அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

அவர் சபிஹாவின் லாத்தா, அதாவது அக்கா, பாத்திமாவின் கணவர். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாகப் பெண் வீட்டுக்கு வந்து குடியேறியவர். துபாய் வேலை முடிந்து திரும்பியதிலிருந்து முன்னறை சோபாவில்தான் வாசம். அதே முன்னறையில்தான் சபிஹாவின் கம்ப்யூட்டரும் இருந்தது. அவளுடைய கணவன் குவைத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்தான். ஆகவே பகல் முழுக்க அந்த அறையில் அவளுக்கும் அவள் தொழிலுக்கும் வாய்த்த ஒரே பார்வையாளர் மச்சான்தான்.

"இந்த மெஷின் ஏன் இப்புடி மாட்டு வண்டி மாதிரி நகருதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஈறில் குச்சியை விட்டுக்கொண்டே.

சபிஹா கீழ்வேளூர்க் கல்யாண வீடியோ ஒன்றை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது.

"என்கிரிப்ஷன்! அதான் காரணம். மொத்த ஹார்ட் டிஸ்க்கையும் பூட்டி வச்சிருக்கே பாரு, அது பாதி ஸ்பீடைத் தின்னுடும். ஒவ்வொரு எழுத்தையும் பூட்டணும், தொறக்கணும், பூட்டணும், தொறக்கணும். டிஸ்க் என்னாத்துக்கு ஆகும்? துபாய்ல எவனும் வீட்டு கம்ப்யூட்டர்ல இதைப் போட மாட்டான்."

"அங்க எத்தனை பேரு வீட்டு கம்ப்யூட்டரைப் பாத்தீங்க மச்சான்?"

"பாக்கணுமா என்ன? தொழில்ல இருந்தவனுக்குத் தெரியாதா?"

சபிஹா எடுப்பது கல்யாண வீடியோ. பெண்கள் பக்கத்து வீடியோ மட்டும். மருதாணி இரவு, பெண்ணுக்கு நகை பூட்டுவது, உள் அறையில் தோழிகள் அடிக்கும் கும்மாளம் என்று ஆண் காமிராக்காரன் எட்டிப்பார்க்க முடியாத இடமெல்லாம் அவளுடையது. முக்காடு நழுவிய முகங்களும் அவிழ்ந்த கூந்தலும் வெட்கத்தை விட்டு ஆடும் ஆட்டமும் அவள் காமிராவுக்குள் வருகிறதென்றால், அது அவள் வீட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில்தான். சில வருஷங்களுக்கு முன் காரைக்காலில் ஒரு ஸ்டுடியோக்காரன் கெட்டுப்போன டிஸ்கை ரிப்பேருக்குக் கொடுத்தான். அதிலிருந்து ஒரு மணப்பெண்ணின் மருதாணி வீடியோ ஊர் ஊராக வாட்ஸப்பில் போனது. அந்தப் பெண் அதற்குப் பிறகு தன் பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூட ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் கேள்விப்பட்ட வாரமே சபிஹா மொத்த டிஸ்கையும் பூட்டினாள். காலையில் நீளமான கடவுச்சொல்லை அடித்தால்தான் கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கும். அது இல்லாமல் டிஸ்கைக் கழற்றி எங்கே கொண்டுபோய் மாட்டினாலும் வெறும் குப்பைதான் தெரியும்.

இதையெல்லாம் அவள் மச்சானிடம் சொல்லியாயிற்று. அவர் கேட்டுக்கொண்டும் ஆயிற்று. அவர் கேட்பது என்பது, எதிராளி மூச்சு வாங்கும்வரை பொறுத்திருப்பது.

அன்றிலிருந்து தினமும் அதே பாட்டுத்தான். சோறு வேக நேரமானால்கூட, "அடுப்புலயும் என்கிரிப்ஷன் போட்டுட்டியா?" என்பார். சிரிப்பதும் அவரே. ஒருநாள் வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால், "எங்க சபிஹா கல்யாண வீடியோவுக்கு ராணுவப் பூட்டு போட்டிருக்கா" என்று சொன்னபோது பாத்திமாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அதுதான் சபிஹாவுக்குச் சுருக்கென்றது. சரி, இந்த மனிதர் சொல்வதைச் சோதித்தே பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தாள்.

சோதனை எளியதுதான். பீரோவில் அதே வகை டிஸ்க் ஒன்று, பூட்டில்லாமல், சும்மா கிடந்தது. ஒரு கல்யாணத்தின் மொத்த வீடியோவையும் வெளி டிஸ்க் ஒன்றிலிருந்து அதில் ஒருமுறை இறக்கினாள். பிறகு அதே வீடியோவை, காலியாக்கிப் பூட்டிய அதே டிஸ்கில் இன்னொருமுறை இறக்கினாள். இரண்டுக்கும் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே தகடு சுற்றிச் சுற்றி எழுதும் பழைய டிஸ்க் அது. பூட்டும் வேலையைச் செய்யும் ப்ராசசர் அதைவிட எத்தனையோ வேகம்; பூட்டிவைத்துவிட்டு, தகடு எப்போது எழுதி முடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வீடியோவை முழுதாக்கி வெளியெடுக்கும்போது, தொழிலில் ரெண்டர் என்பார்களே, அப்போது மட்டும் பூட்டிய டிஸ்கில் கொஞ்சம் தாமதமானது. அவளுடைய ப்ராசசர் பழசு. புதிய ப்ராசசர்களுக்குப் பூட்டுவதற்கென்றே தனித் திறமை உண்டு. இதற்கு அது கிடையாது. ரெண்டர் வேலையில் ஏற்கெனவே நாக்குத் தள்ளிக்கொண்டிருப்பதன் தலையில் பூட்டுகிற வேலையும் சேர்ந்ததில் சற்று மூச்சு வாங்கியது. ஒரு டீ குடிக்கிற நேரம் கூடுதல்.

ஆக மச்சான் சொன்னதில் கடுகளவு உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது. அந்தக் கடுகு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பத்துக் கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் ஒன்று மரத்தில் பட்டுவிடுகிறது; உடனே தன்னைக் குறி பார்த்து அடிக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு மனிதரால் முடிகிறது.

மீதி மாட்டு வண்டித்தனம் எதனால் என்று தேடியபோது இன்னொன்று அகப்பட்டது. அவளுடைய டிஸ்க் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அவள் கல்யாணங்களால் அல்ல. வேலை தேட, மெயில் பார்க்க என்று மச்சானுக்கு ஒரு தனி லாகின் போட்டுக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து கல்யாண ஃபோல்டர்களைத் தொட முடியாது; மற்றபடி தாராளமாகப் புழங்கலாம். அந்தப் பக்கத்தில் 'அன்சார் அபிஷியல்' என்று ஒரு ஃபோல்டர். திறந்தால் சினிமா. தமிழ், மலையாளம், இந்தி, டப்பிங் செய்த சீனச் சண்டை. போதாததற்கு, அவள் கல்யாண வீட்டுக்குப் போன பகல்களில் எல்லாம் ஓயாமல் இறக்கிக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருள் வேறு. அவள் ரெண்டர் போட்டுவிட்டுப் போன டிஸ்கை, இந்தப் பக்கம் இவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் பகலில், பாத்திமா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே, சபிஹா அதைச் சொன்னாள்.

"மச்சான், வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. நீங்க மதகைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. தாமரையைப் போட்டதும் நீங்கதான்."

"என்னாத்தை உளர்றே?"

"'அன்சார் அபிஷியல்'. அழிச்சிட்டேன்."

அவர் முகம் கறுத்தது. "என் ஃபைலை அழிக்க நீ யாரு? அதுல என் பயோடேட்டா இருந்துச்சு!"

"அதை எடுத்து வச்சிருக்கேன். அரைப் பக்கம்தானே. அதுல 'சீனியர் ஹார்டுவேர் எக்ஸ்பர்ட்'டுன்னு எழுதியிருக்கீங்க. ஹார்டுவேருக்கு ஸ்பெல்லிங் மட்டும் தப்பா இருக்கு."

பாத்திமா கீரையைக் கீழே வைத்தாள். "சபிஹா! வீட்டு மாப்பிள்ளைக்கிட்ட இப்புடியா பேசுவே? அவரு உனக்கு நல்லதுக்குத்தானே சொன்னாரு. ரெண்டு படம் பாத்தா கொறைஞ்சா போயிடுவே?"

சபிஹா லாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்பெல்லிங்கைப் பற்றி அவள் சொன்ன கடைசி வாக்கியம் தேவையில்லைதான். ஆனால் அதைச் சொன்னபோது கிடைத்த இனிப்பு சாயங்காலம்வரை நாக்கில் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடிபட்ட பெருமை சும்மா இருக்காது. அடுத்த வாரம் மயிலாடுதுறையில் ஹமீதா பானு வீட்டுக் கல்யாணம். சபிஹா காலையிலேயே காமிராப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் போனாள்.

ஹமீதா பானு மணப்பெண்ணின் தாய். எதையும் இரண்டு தடவை கேட்கும் பெண்மணி. வேலையைப் பேச வந்த அன்றே, "வீடியோவை ஒங்க வூட்டு ஆம்பளைங்க பாப்பாங்களா?" என்று நேருக்கு நேர் கேட்டவர். சபிஹா பூட்டைப் பற்றி விளக்கிச் சொன்னதும்தான் முன்பணத்தை எடுத்தார்.

பெண்ணுக்குத் தலை பின்னிப் பூச்சூட்டிக்கொண்டிருந்தார்கள். ஹமீதா பானு சீப்பும் கையுமாகப் பக்கத்தில் நின்றார். சபிஹாவின் போன் அடித்தது. காமிராவைப் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சபிஹா, அந்த பாஸ்வேர்டைச் சொல்லு."

"எந்த பாஸ்வேர்டு?"

"கம்ப்யூட்டருதுதான். நாகப்பட்டினத்துல நம்ம தோஸ்து கடைக்கு எடுத்தாந்திருக்கேன். டிஸ்க்கைக் கழட்டி வச்சிருக்கான். என்கிரிப்ஷனை எடுத்துட்டா ராக்கெட் மாதிரி ஓடும்ங்கிறான். நீ வர்றதுக்குள்ள ரெடி பண்ணி வச்சிர்றேன். சொல்லு, இங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

பின்னால் ஆண்குரல்கள் கேட்டன. யாரோ சிரித்தார்கள். யாரோ டீ கேட்டார்கள்.

சபிஹா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான், டிஸ்க்கைத் திருப்பி மாட்டச் சொல்லுங்க. எதையும் தொடக் கூடாது. வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க."

"அட, பயப்படாதே. நம்ம பயதான்."

"சொல்ல மாட்டேன்."

"நாலு பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தறே நீ."

"நாலு பேரு முன்னாடி அதைக் கொண்டுபோயி வச்சது நீங்க." அவள் போனை வைத்தாள்.

நிமிர்ந்தால் அறையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாதிப் பின்னலோடு மணப்பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். ஹமீதா பானு சீப்பைக் கீழே வைத்தார்.

"யாரு அது?"

"என் லாத்தா மாப்பிள்ளை."

"இன்னைக்கு எடுக்குற படமும் அதுக்குள்ளதானே போவும்?"

"ஆமாம்."

"நீ சொல்லலைன்னா அவனுங்களால தொறக்க முடியுமா?"

"முடியாது."

"எந்தக் காலத்துக்கும்?"

"எந்தக் காலத்துக்கும் முடியாது."

ஹமீதா பானு அவள் முகத்தை, மீன்காரியின் தராசைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு, "சரி, எடு. இந்தப் பக்கம் வெளிச்சம் பத்தலை, ஜன்னல்கிட்ட வா" என்று சொல்லிவிட்டு மகளின் பின்னலைக் கையில் எடுத்தார்.

நிக்காஹ் முடிந்து, எல்லோரும் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் சோறு வைத்துக் கூப்பிட்டபோது சபிஹாவுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் இருபுறமும் சம்பா நடவு முடிந்த வயல்கள் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. பஸ் காரைக்காலைத் தாண்டும்வரை மச்சானைச் சொல்லால் எங்கெங்கே குத்தலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் கம்ப்யூட்டர் அதன் இடத்தில் இருந்தது. மச்சானும் அவர் இடத்தில், சோபாவில் இருந்தார். அவர் முதலில் பேசாமல் இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை. கடை மெஷின்ல டிஸ்க்கை மாட்டுனதுமே, 'ஃபார்மட் பண்ணணும், பண்ணவா'ன்னு அதுவே கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பண்ணுன்னேன்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபார்மட் பண்ணா பூட்டு மட்டுந்தான் போவும்னு நெனைச்சேன். அந்தப் பயலும் அப்புடித்தான் சொன்னான். இப்ப சுத்தமா இருக்கு, போட்டுப் பாரு, பறக்கும்."

பறக்காமல் என்ன செய்யும்? உள்ளே ஒன்றுமே இல்லை. வீட்டைக் கொளுத்திவிட்டு, கூட்டிப் பெருக்கும் வேலை மிச்சம் என்கிற மனிதரிடம் என்ன பேசுவது? பஸ்ஸில் ஒத்திகை பார்த்த சொற்களில் ஒன்றைக்கூட அவள் எடுக்கவில்லை. இந்த ஆளுக்கு அத்தனை நல்ல வார்த்தைகள் வீண் என்று தோன்றியது.

பாத்திமா அடுக்களையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எல்லாம் போச்சா?"

"முடிஞ்ச கல்யாணம் எல்லாத்துக்கும் பீரோவுல இன்னொரு காப்பி இருக்கு, அதுவும் பூட்டித்தான் இருக்கு. கீழ்வேளூர்க் கல்யாணம் மட்டும் காமிரா கார்டுலயே இருக்கு. வீடியோவைக் கையில குடுக்குற வரைக்கும் கார்டை அழிக்க மாட்டேன். ஆனா அதுல செஞ்ச மூணு வாரத்து வேலை போச்சு."

"பாத்தியா, ஒண்ணும் போவலை!" என்றார் மச்சான், உயிர் வந்தவராக. "நான்தான் சொன்னேனே. அந்தப் பூட்டு மட்டும் இல்லாம இருந்திருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காது. கடையில டக்குனு தொறந்து, எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி போட்டுக் குடுத்திருப்பான்."

"தொறந்து" என்றாள் பாத்திமா.

"ஆமாம்."

"கடையில எத்தனை பேரு இருந்தாங்க?"

"நம்ம பசங்கதான், ஒரு நாலஞ்சு பேரு. ஏன்?"

பாத்திமாவின் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. "நம்ம சின்னாப்பா மக கல்யாணத்து மருதாணி வீடியோ அதுலதான் இருந்துச்சு. நான் ஆடுனேனே, தெரியுமா உங்களுக்கு? முக்காடு இல்லாம, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு. உங்களுக்கே காட்டலை அதை. வெக்கமா இருக்குன்னு காட்டலை."

மச்சானின் வாய் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவரை அறிந்த இத்தனை வருஷத்தில் சபிஹா அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

"நாலஞ்சு பேரு, டீயைக் குடிச்சுக்கிட்டு," என்றாள் பாத்திமா. "அவ பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தா?"

"நான் அதை நெனைச்சுப் பாக்கலை" என்றார் அவர்.

"நீங்க என்னைக்குத்தான் நெனைச்சுப் பாத்தீங்க?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். சபிஹாவுக்கு ஒரு கணம் மச்சான் மேல் இரக்கம் வரும்போல் இருந்தது. அவர் உடனே, "அந்தக் கடைக்காரப் பயலைச் சொல்லணும்" என்று முணுமுணுத்ததும், வந்த இரக்கம் வாசலோடு திரும்பிப் போய்விட்டது.

மூன்று வாரத்து வேலையை அவள் மறுபடி செய்தாள். கீழ்வேளூர்க் குடும்பத்திடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் காத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் பழைய ப்ராசசரைத் தூக்கிவிட்டு, பூட்டும் திறமையுள்ள ஒன்றைப் போட்டாள். தகடு சுற்றும் டிஸ்குக்குப் பதிலாகத் தகடே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கி மாட்டினாள். அதையும் முதல் வேலையாக முழுக்கப் பூட்டினாள். இந்த வகை டிஸ்க் மிக வேகம் என்பதால் பூட்டின் பாரம் கொஞ்சம் தெரியத்தான் செய்யும் என்று படித்திருந்தாள். அளந்து பார்த்தபோது தெரிந்தது. ஆனால் அளந்தால்தான் தெரிந்தது. வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் கை சொடுக்குவதற்குள் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று நின்றது. மச்சானுக்குக் கொடுத்திருந்த லாகினை அவள் திரும்பப் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் வேகமானது மட்டும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. அன்று வாடிய அவர் முகம் ஒரு மாதத்துக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், மீன் வாங்கும் இடத்தில் என்று எல்லா இடத்திலும் கதை இப்படித்தான் ஓடியது: சபிஹாவின் கம்ப்யூட்டர் நகராமல் கிடந்தது, அன்சார் ஒருவர்தான் நோயைக் கண்டுபிடித்தார், அவரே கடைக்கு எடுத்துப்போய் என்கிரிப்ஷனைப் பிடுங்கி எறிந்தார், இப்போது பறக்கிறது. சபிஹா காதில் விழுந்தும் மறுக்கவில்லை. தெரு நாய் குரைத்தால் நின்று அதனிடம் விளக்கம் சொல்கிறோமா?

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரத்தில், திட்டச்சேரியிலிருந்து ஒரு தகப்பனும் தாயும் மகள் கல்யாணத்துக்குப் பேச வந்தார்கள். ஹமீதா பானு சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்கள். சபிஹா உள்ளே உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள், மச்சான் சோபாவில் அவர்களுக்கு இடம் கொடுத்துப் பேசவும் தொடங்கிவிட்டார்.

"நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. சீக்கிரமே முடிச்சுக் குடுத்துடுவா. முந்தி டிஸ்க்கைப் பூட்டி வச்சு ரொம்ப லேட்டு. இப்ப பூட்டையெல்லாம் நானே எடுத்து விட்டுட்டேன்."

அந்தத் தாய் கணவனைப் பார்த்தாள். "பூட்டு இல்லையா?" என்றாள். கை தானாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. "அந்தப் பூட்டுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

சபிஹா கதவருகே வந்துவிட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள், டீத் தட்டோடு பாத்திமா முன்னறைக்குள் நுழைந்தாள்.

"அவரு பேச்சைக் கேக்காதீங்க" என்றாள், தட்டை நீட்டியபடி. "அவருக்கு ஒண்ணும் தெரியாது. பூட்டு இருக்கு. என் படமும் அதுக்குள்ளதான் இருக்கு."

தாய் டீயை எடுத்துக்கொண்டாள். தகப்பன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார். மச்சான் எழுந்து, கடைத்தெருவில் யாரையோ பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். யாரும் அவரை இருக்கச் சொல்லவில்லை.

"கல்யாணம் எந்த மாசம்?" என்று கேட்டுக்கொண்டே சபிஹா வந்து, அவர் விட்டுப்போன இடத்தில் உட்கார்ந்தாள்.